நடுவில் சேரும் இடம்

அந்த வீட்டின் முன்னறையில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுகிறவர்கள் இரண்டே பேர், அக்காவும் தங்கையும். மரச்சட்டத்தை நடுவில் போட்டு எதிரெதிரே உட்காருவார்கள். ஆளுக்கொரு ஓரத்தில் தொடங்கி நடுவில் வந்து சேருவார்கள். சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அவிழ்த்துவிட வேண்டும் என்பது அவர்களே வைத்துக்கொண்ட வழக்கம். நாள் முழுக்க வாய் சண்டை போட்டாலும் கைகள் ஒருநாளும் முறைத்துக்கொண்டதில்லை.

பிரம்பு நார் ஊறவைக்கும் தொட்டியருகே வழுக்கி விழுந்து அக்கா மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்தாயிற்று, எலும்பும் கூடிவிட்டது. பிடி மட்டும் திரும்பி வரவில்லை. இன்று காலை பிடிவாதமாக உட்கார்ந்து பின்னிப் பார்த்தாள். இழுத்து இறுக்க முடியாமல் பின்னலின் கண்கள் அகல அகலமாக விழுந்தன. தொய்ந்துவிடக் கூடாதே என்று நாரை இரட்டையாக விட்டாள். கை சொன்னபடி கேட்காவிட்டாலும் தொழில் புத்தி எங்கே போகும்? தன் பாதியை முடித்துவிட்டுத் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடுவுல ஒட்டலைன்னா இதோட நான் எழுந்திரிச்சிடறேன்டி. நீ வேற ஆளப் பாத்துக்கோ," என்றாள்.

தங்கை இன்னும் தன் பக்கம் தொடங்கவே இல்லை. "போய் வெந்நீர்ல கைய வை. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு வேலை ஓடாது," என்று துரத்திவிட்டாள்.

அக்கா கையை வெந்நீரில் வைத்து, சாப்பிட்டு, கொஞ்சம் அழுது, அப்படியே கண்ணயர்ந்தும் போனாள். மாலையில் வந்து பார்த்தால் நாற்காலி முழுசாக நின்றது. சேர்ந்த இடத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பாதிய அவுத்துட்டியா?"

"தொடவே இல்ல. நல்லாப் பாரு."

குனிந்து பார்த்தாள். அவள் போட்ட கோணல் முடிச்சு அப்படியேதான் இருந்தது. மாறியிருந்தது தங்கையின் பக்கம். ஓரத்தில் வழக்கமான சின்னக் கண்கள். வரிசைக்கு வரிசை அவை இம்மி இம்மியாக விரிந்து, நாரும் இரட்டையாகி, நடுவில் அக்காவின் அகலத்தோடு கலந்துவிட்டன. முதலிலேயே இப்படித்தான் வேண்டும் என்று திட்டம் போட்டுப் பின்னியதுபோல அவ்வளவு அழகாக இருந்தது.

"பாவம் பாத்துப் பண்ணியா?"

"பாவம் பாத்தா நடுவுல ஒட்டுமா? என் பக்கத்த எத்தனை வாட்டி அவுத்தேன் தெரியுமா? இறுக்கியே பழகின கை, தளர்த்துன்னா கேக்கவே மாட்டேங்குது."

தங்கையின் கணவர் தச்சர். அவர் உட்கார்ந்து, அது தாங்கினால்தான் எந்த நாற்காலியும் வாசலைத் தாண்டும். ஆள் அவ்வளவு கனம். முழு எடையையும் போட்டு உட்கார்ந்து, ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார். தொய்யவில்லை.

"இதே மாதிரி ஒரு செட்டே பண்ணலாம் போலிருக்கே. யாரோட யோசனை?" என்றார்.

"ரெண்டு பேரோடதும்," என்றாள் தங்கை.

"நன்றிடி," என்றாள் அக்கா. பிறந்ததிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வார்த்தை. இன்று சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

தங்கைக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "போதும் போதும், யார் காதுலயாவது விழுந்தா சிரிப்பாங்க. அடுத்ததையும் நீயே மொதல்ல ஆரம்பி. உன் பின்னல் எவ்வளவு தூரம் விரியுதுன்னு பாத்துதான் என் கைய நான் பழக்கணும்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்போ நல்ல நாராப் பாத்து எடுத்துக் குடு," என்றாள்.