சொட்டாத கார்

என் மனைவியின் காரில் பக்கத்து இருக்கைக்காரர் கால் வைக்கும் இடத்தில் இரண்டு மாதமாகத் தண்ணீர் தேங்கியது. துடைத்தால் மறுநாள் மீண்டும் ஈரம். கதவைத் திறந்தாலே ஊறப்போட்டு மறந்த துணியின் நாற்றம். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லித்தருவது அவள் வேலை. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகி, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும், அப்போதும் உத்தரவாதம் இல்லை என்று பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார். ஞாயிறு ஐந்து மணிக்குத் தரகர் வந்து காரை எடுத்துப்போவதாக ஏற்பாடு. விற்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அந்த ஞாயிறு காலையிலிருந்து வேறு எதையும்கூடச் சொல்லவில்லை.

நானும் பேசுகிற ஆள் இல்லை. ஒரே அறையில் ஒரு மாலை முழுவதும் வாய் திறக்காமல் ஆளுக்கொரு புத்தகத்தோடு இருந்துவிட்டு, நிறையப் பேசியதுபோல எழுந்து போவோம். ஆனால் இந்த மௌனம் அந்த வகை இல்லை. அதனோடு உட்கார முடியாமல் ஜன்னலோரம் போய் நின்றேன்.

வெயில் கொளுத்தியது. எதிரே மருந்துக்கடை வாசலில் கார்கள் ஏசியை அணைக்காமல் காத்து நின்றன. ஒவ்வொன்றும் கிளம்பிப்போன பிறகு சாலையில் கைக்குட்டை அளவு ஈரம் கிடந்தது. ஏழு கார்களைப் பார்த்தேன். ஏழும் சொட்டின. எங்கள் கார், அவள் சற்று முன்புதான் கடைசி நோயாளியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் ஏசியில் ஓட்டிவந்து நிறுத்தியது. அதன் அடியில் நனைந்த தடமே இல்லை. மற்றவை வெளியே விடுவதை இது உள்ளேயே அடக்கிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கினேன். வாசலில் மாமனார் நாற்காலியில் இருந்தார். நாற்பது வருடம் குழாய் வேலை பார்த்தவர். எங்கேயாவது சொட்டுச் சத்தம் கேட்டால் சாப்பாட்டின் பாதியில் எழுந்துவிடுவார்.

“என்ன மாப்பிள்ளை, புத்தகத்தை விட்டுட்டுத் தரையில படுக்குறீங்க?”

“ஏசி தண்ணி வெளிய வர்றதுக்கு அடியில ஒரு குழாய் இருக்கணும் மாமா.”

“கறுப்பா, சுண்டுவிரல் தடிமன்ல? ரப்பர்?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அது ஒழுகிட்டு இருந்துச்சே. நான்தான் அடைச்சேன்.”

படுத்தபடியே அவரைப் பார்த்தேன்.

“பாப்பா கார் ஒழுகுதேன்னு மனசு கேக்கலை. மரத்துல முளை செதுக்கி, நூல் சுத்தி, பசை தடவி இறுக்குனேன். ரெண்டு மாசத்துல ஒரு சொட்டு வந்திருக்கா சொல்லுங்க!”

சொல்லி முடித்த கையோடு அவர் முகத்திலிருந்த பெருமை வடிந்தது. காருக்குள் தேங்கிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே விளங்கிவிட்டது. “அடப்பாவி மனுஷா” என்று தன்னையே திட்டிக்கொண்டு இடுக்கி எடுக்க ஓடினார்.

மணி நாலரை. சக்கரத்துக்குப் பின்னால் இடுக்கியோடு கையை நுழைத்து முளையைப் பிடித்தேன். அசையவில்லை.

“உங்க வேலை சுத்தம் மாமா,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“அப்புறம் திட்டுங்க. இப்ப திருகுங்க. நேரா இழுத்தா குழாய் கிழிஞ்சுடும்.”

திருகினேன். முளை வந்துவிட்டது; அவர் வாங்கிக்கொண்டார். தண்ணீர் வரவில்லை. இரண்டு மாதத் தூசி சேறாகி உள்ளே கட்டிக்கிடந்தது. அவர் தன் பழைய பையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நீட்டினார்.

“மெதுவா விடுங்க. முட்டினதும் நிறுத்தி ஊதுங்க.”

ஊதினேன். கன்னம் வலித்தது. மறுபடி ஊதினேன். உள்ளே எங்கோ ‘களுக்’ என்றது.

குழாயை உருவுவதற்குள் கறுப்புச் சேறு நெற்றியில் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர், முதலில் திக்கித் திக்கி, பிறகு தாரையாக, காதுக்குள், காலருக்குள். நான் நகரவில்லை. இத்தனை சந்தோஷமாக நனைந்த நாள் எனக்கு நினைவில்லை.

“வருது! பாப்பா, ஒழுகுது, ஓடி வா!” மாமனார் நாற்காலியைத் தட்டித் தட்டிக் கத்தினார். ஓர் ஒழுகலை அவர் கொண்டாடியதை அன்றுதான் பார்த்தேன்.

அவள் படியிறங்கி வந்தாள். என் முகத்தையும் அப்பா கையிலிருந்த முளையையும் பார்த்தாள்.

“இதுவா?”

“இதுதாம்மா.”

“அப்பா, உங்களை…” முடிக்க முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து, நாறிய விரிப்பை உருவி மதில்மேல் வீசிவிட்டு, இன்ஜினைப் போட்டு ஏசியை முழுதாகத் திறந்தாள். சில நிமிடங்களில் காரின் அடியில் சொட்டத் தொடங்கியது. உள்ளே விரிப்பு இருந்த இடத்தில் தரைத் தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். புதிதாக ஈரம் கசியவில்லை.

தரகர் அப்போதுதான் வந்தார். குனிந்து பார்த்து ‘த்சொ’ என்றார்.

“என்னக்கா, வெளியவும் ஒழுக ஆரம்பிச்சுடுச்சா? பேசின விலை கட்டாதே.”

“கட்ட வேணாம்ணே. கார் விக்கிறதுக்கு இல்ல.”

“ஒழுகுதேக்கா!”

“நல்லா ஒழுகட்டும்,” என்றாள். “ஏறுங்க ரெண்டு பேரும்.”

மாமனார் பின்னால் ஏறினார். நான் சேற்று முகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரகர் ஒதுங்கி வழிவிட, ஒரே வளைப்பில் அவள் காரைத் தெருவுக்கு எடுத்தாள்.