கப்பலுக்கு நேர்ந்த அலகு

உதடும் கன்னமும் நன்றாக இருக்கிறவரைக்கும்தான் ட்ராம்போன்காரனுக்குப் பிழைப்பு. அந்த வாத்தியத்தின் குழாயைக் கையால் இழுத்து நீட்டி மடக்கினாலும் சத்தம் பிறப்பதெல்லாம் வாயில்தான். இது ஊதுகிறவன் எல்லோருக்கும் தெரியும். தமிழரசனைப் பெற்ற செங்கமலத்துக்கு மட்டும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு தமிழரசன் அரும்பாவூரில் குருமூர்த்தியின் பேண்டு செட்டில் சேர்ந்தான். யாருக்கும் வேண்டாத ட்ராம்போனை அவன் கையில் கொடுத்தார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் ஊதினான். அரியலூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டில் அவன் ஊதியதைக் கேட்ட பாதிரியார் ஒருவர், திருச்சிக்குக் கூட்டிப்போய் சர்ச் பேண்டில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து சென்னை. சென்னையில்தான் ஜாஸ் அவனைப் பிடித்துக்கொண்டது. பாட்டு ஓடும்போதே நடுவில் ஒருவன் எழுந்து மனசில் தோன்றியதை ஊதலாம், ஊதி முடித்துக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாம் என்கிற ஏற்பாடு அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஊரில் அவனை நடுவில் பேசவிட்டது யார்? நட்சத்திர ஹோட்டல்களில், சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்து ஊதியே பல வருஷம் போயிற்று. பிறகு அந்தச் செய்தி வந்தது. வெளிநாட்டுச் சொகுசுக் கப்பல் ஒன்றின் ஜாஸ் பேண்டுக்கு ஆள் எடுக்கிறார்கள்; அவன் அனுப்பிய வீடியோ தேறிவிட்டது.

ஊருக்கு வந்து சொன்னான். வெங்காயத்தாள் அரிந்துகொண்டிருந்த செங்கமலம், அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் செட்டிகுளம் முருகன் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"எனக்குத் தெரியும்டா. உனக்குக் கப்பல் வேலை கெடைச்சா வாயில அலகு குத்திக்கிட்டு வருவான்னு முருகன்கிட்ட நேந்துக்கிட்டேன். பங்குனி உத்திரத்துக்குச் செலுத்திடணும்."

"யாரு குத்திக்கணும்?"

"நீதான். வேலை உனக்குத்தான?"

தமிழரசன் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருக்கலாம், காவடி எடுக்கச் சொல்லியிருக்கலாம். உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, வாயையா எழுதிக் கொடுப்பாள்?

"கன்னத்துல ஓட்டை போட்டா காத்து நிக்காதும்மா. அப்புறம் எதை வச்சு ஊதுறது?"

"அதுக்காவ நேந்தத மாத்தச் சொல்றியா? குடுத்த சாமிக்கு எடுக்கத் தெரியாதா?"

அதற்குப் பிறகு ஒருநாள் பஸ் ஏறிப் போய்வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"கோயில்ல கேட்டுட்டு வந்துட்டேன். புள்ளைக்கு நேந்தத பெத்தவ செலுத்தலாமாம். நான் குத்திக்கிறேன். நீ முன்னாடி ஊதிக்கிட்டு வா."

"உனக்கு சுகர் இருக்கும்மா. புண்ணு ஆறாது."

"விபூதி வச்சா ஆறிடும்."

வேண்டாம் என்று இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

உத்திரத்தன்று செட்டிகுளத்தில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் சேலையில், ஈரத் தலையோடு நின்ற செங்கமலத்தின் கன்னத்தில் விபூதியைப் பூசி, கூட்டம் அரோகரா போடுகிற நேரத்தில் அலகைச் செருகினார்கள். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வந்தது. இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம் குத்தினார்கள். அவள் கண்ணை மூடவே இல்லை; மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குருமூர்த்தியின் செட்டோடு சேர்ந்து தமிழரசன் ஊதிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மலையடிவாரத்தில் நெரிசலில் ஊர்வலம் நின்றது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கப்பலுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற மும்பை ஏஜெண்ட். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டான். இந்த சீசனில் கப்பலுக்கு ஊதுகிறவர்கள் யாரும் வேண்டாமாம். கீபோர்டுக்காரன் ஒருவன் போதும், மற்றதெல்லாம் பதிவு செய்த இசையாம். ஏஜெண்ட் நல்ல மனுஷன். சாரி சொல்லிவிட்டுத்தான் வைத்தான்.

தமிழரசன் திரும்பிப் பார்த்தான். அலகு ஆடாமல் இருக்க அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். சொல்லிவிடலாமா? பாதியில் உருவினால் ஆகாது என்பார்கள். மேலே போய் எடுத்தாலோ, இல்லாத வேலைக்கு நன்றி சொன்னதாகும். எது செய்தாலும் அவள் கன்னத்து ஓட்டை அங்கேதான் இருக்கும். தானே குத்திக்கொண்டு தொலைத்திருக்கலாம் என்று நினைத்தான். இந்த வாயைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இனி யாருக்கு ஊதப்போகிறான்?

செங்கமலம் ஒரு கையை எடுத்து, ஊது என்று சைகை காட்டினாள். ஊதினான். வேறு எதுவும் அவனால் முடியவில்லை.

"கப்பல் கெடைச்ச குஷி, என்னமா ஊதுறான் பாரு" என்றார் குருமூர்த்தி, பக்கத்து ஆளிடம்.

மேலே சன்னதியில் அலகை உருவி, கன்னத்தில் விபூதியை அப்பினார்கள். வாயைத் திறக்க அவளுக்கு வலித்திருக்க வேண்டும். ஆனாலும் முதல் காரியமாகப் பேசினாள்.

"நேந்தது முடிஞ்சிருச்சு. என்னிக்குடா கெளம்பணும்?"

விபூதியைத் தாண்டி ரத்தம் கசிந்தது. தமிழரசன் துண்டால் ஒற்றினான்.

"சொல்லுடா."

"அடுத்த மாசம்மா" என்றான்.

செங்கமலம் சன்னதிப் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

"போயிட்டு நல்லபடியா வூடு வந்து சேந்துட்டான்னா, மறுபடியும் குத்திக்கிறேன்ப்பா."