இடது சீட்டில் யாரும் இல்லை

போர்டில் எண்கள் எரிந்தன. 16.31.

ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சரசு அதைப் பார்த்தாள். புருவத்து வியர்வை கண்ணில் இறங்கி எண்கள் கலங்கின. கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். மாறவில்லை.

பதினாறுக்குள் வந்திருக்க வேண்டும். மொத்தம் மூன்று ஓட்டம். ஒன்று போய்விட்டது.

டிராக் ரேஸ் என்பது பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்கோட்டில் நானூற்று இரண்டு மீட்டர். எத்தனை வினாடி என்பதுதான் கேள்வி. 2002 மே மாதத்து அந்தச் சனிக்கிழமைக்காக ஜக்கூர் விமான ஓடுதளத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, டிக்கெட் விற்றிருந்தார்கள். பணக்கார வீட்டுப் பையன்களின் கார்கள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே சரசுவின் பேட்டையான ஸ்ரீராம்புரத்தின் கார்.

அது ருக்மிணி டிரைவிங் ஸ்கூலின் பழைய மாருதி 800. சரசு பதினான்கு வருடங்களாக அதன் இடது சீட்டில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். டபுள் கண்ட்ரோல் வண்டி; இடது பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவள் மிதிப்பாள். அவள் மிதித்தால் கேபிள் இழுபட்டு வலது பக்கத்துப் பெடலும் சேர்ந்து இறங்கும். முதல் நாள் வருகிறவர்கள் எல்லோரும் பயந்துபோய் அதையே கேட்பார்கள்: "மேடம், பிரேக் தானா அமுங்குதே?"

"பயப்படாதீங்க, நான்தான்" என்பாள் சரசு. "காலைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

அப்படி அவளிடம் கற்றுக்கொண்டவர்தான் மல்லேஸ்வரம் ரகுராம். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை. ஜனவரியில் ஒருநாள், சிக்னலில் நிற்கும்போது, பேச்சுவாக்கில் அவரிடம் வேன் விஷயத்தைச் சொன்னாள்.

ஜே.பி. நகரில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி. ஸ்ரீராம்புரத்திலிருந்து பதினோரு பிள்ளைகள் அங்கே படித்தார்கள். சரசுவின் மகள் தீபிகாவும் ஒருத்தி, எட்டு வயது. பள்ளியின் வேன் கிழடாகி, எஃப்.சி. கிடைக்காமல் நின்றுவிட்டது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காலை ஆறு மணிக்கே முதல் மாணவர் வந்துவிடுவதால் சரசுவால் வாரத்தில் இரண்டு நாள்தான் மகளைக் கொண்டுபோய் விட முடிந்தது. மற்ற நாட்களில் தீபிகா வீட்டில் டி.வி.யின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜூனிலிருந்து ஒழுங்காக வராத பிள்ளைகளின் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பள்ளியிலிருந்து கடிதமும் வந்திருந்தது.

"ரேஸ் வெச்சி வசூல் பண்ணலாம் மேடம்" என்றார் ரகுராம். "உங்க ஏரியா பூரா மெக்கானிக்குங்கதானே? நீங்களே ஒரு வண்டி கட்டுங்க. அதைப் பார்க்கவே கூட்டம் வரும்."

கட்டினார்கள். எட்டாவது கிராஸ் தெருவில் ஷெட் வைத்திருக்கும் ரெமிஜியஸ் தலைமை. எஸ்டீம் காரின் பெரிய எஞ்சினை மாருதிக்குள் இறக்கினார். டிங்கர், பெயிண்டர், வெல்டர் எல்லோரும் கூலி வாங்காமல் வந்தார்கள். உதவியவர்களின் பெயரையெல்லாம் கதவில் பொடி எழுத்தில் எழுதினார்கள். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள். "பெயிண்ட் மட்டுமே கால் கிலோ ஏறிடுச்சி. பேரை இனிஷியலோட நிறுத்துங்கப்பா" என்று ரெமிஜியஸ் புலம்பினார்.

முதல் கூட்டத்தில் வாயைக் கொடுத்ததும் அவர்தான். எவ்வளவு வேகம் போகும் என்று ரகுராம் கேட்க, "பதினாறு செகண்டுக்குள்ள" என்றார். ரகுராம் அதைப் பிடித்துக்கொண்டார். டிக்கெட் வசூல் பாதி வேனுக்குத்தான் காணும். கார் பதினாறுக்குள் ஓடினால் மீதிப் பாதி கம்பெனி தரும். கம்பெனிக்கு அது ஒரு விளம்பரம். ஓடாவிட்டால் பாதி வேன். பாதி வேனில் யாரும் பள்ளிக்குப் போக முடியாது.

அதனால்தான் ரெமிஜியஸுக்கு எடை என்பது வெறியாகிவிட்டது. பின் சீட், இடது சீட், பின்பக்கக் கண்ணாடிகள், ஹாரன் என்று கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்து நோட்டில் எழுதினார். ஓட்டுவதற்கு சரசுவைத் தேர்ந்தெடுத்ததும் அந்தத் தராசுதான். ரெமிஜியஸின் கூட்டாளி ஷங்கர் அவளைவிட நன்றாக விரட்டுவான், ஆனால் எண்பத்திரண்டு கிலோ. சரசு நாற்பத்து நான்கு.

இவ்வளவு செய்தும் கார் பதினாறுக்குக் கீழே இறங்க மறுத்தது. காலிச் சாலையில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தபோதும் அப்படித்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சந்தேகங்களின் பட்டியல் நீண்டது. கார்புரேட்டர், பிளக், கியர். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டார். தூக்கம் கெட்டது. ஷெட்டில் யாராலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

இப்போதும் ரெமிஜியஸால் நிற்க முடியவில்லை. கார் வந்து நின்றதும் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சரசு, கீழ எறங்கு."

இறங்கினாள்.

"கோட்டைத் தாண்டி எவ்ளோ நேரம் பிரேக் அடிச்ச?"

"கொஞ்சந்தாண்ணா. தானா ஓடி நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப டிஸ்க் ஏன் இப்படிக் கொதிக்குது? வாசனை வருது பாரு. ஓடும்போதே மிதிக்கிற."

"நானா? இல்லவே இல்லை."

"உனக்கே தெரியாம மிதிக்கிறம்மா. பதினாலு வருசமா பிரேக் மேலேயே கால வெச்சிக்கினு உக்காந்த. ரோட்ல எவனாவது தலைய நீட்டினா உன் கால் தானா போவும். இங்க ரெண்டு பக்கமும் ஆயிரம் தலை நீட்டிக்கினு கீது."

ஷங்கர் தொண்டையைச் செருமினான். "அக்கா, தப்பா எடுத்துக்காத. நான் வேணா ஓட்டிப் பாக்கட்டா?"

"தொப்பைய யாரு ஓட்டுறது?" என்றார் ரெமிஜியஸ். "அடுத்த வாட்டியும் அவளே போவட்டும். கால ஒழுங்கா வெச்சிக்கட்டும். அப்பவும் ஆவலன்னா நீ ஏறு." சொல்லிக்கொண்டே நோட்டை விரித்து எழுதினார்.

சரசு யோசித்துப் பார்த்தாள். வீட்டில் அரிசி களையும்போதுகூட வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் டிரைவர் முன்வண்டியை நெருங்கினால் கால் தானாக அழுத்தும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

தீபிகா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பார்வை விரிந்திருந்த நோட்டில் இருந்தது. பட்டியலில் புதிதாக ஒரு வரி: 'சரசு - கால்.' தீபிகா அம்மாவின் வலது காலைக் காட்டினாள். பிறகு இரண்டு கைகளாலும் ஸ்பேனரைத் திருகுவதுபோல் செய்து, புருவத்தை உயர்த்தினாள். கால் ரிப்பேரா?

சரசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டியபோதே அது பொய்யோ என்று இருந்தது.

ஒரு மணிக்கு இரண்டாவது ஓட்டம். பச்சை விளக்கு எரிந்ததும் கிளட்சை விட்டாள். டயர் கிறீச்சிட்டது, கார் பாய்ந்தது. இரண்டாவது கியர். வலது காலை ஆக்சிலேட்டரோடு சேர்த்துத் தரையில் ஆணி அடித்ததுபோல் வைத்துக்கொண்டாள். மூன்றாவது கியர். எஞ்சின் அலறியது. தடுப்புக்கு மேலே தலைகள் நீண்டன. கால் நகர்கிறதா? நகரவில்லை. நகரவில்லை என்பதை எப்படி நம்புவது?

பதினான்கு வருடங்களாகப் பிறருக்குக் கூடாது என்று சொன்னதைச் செய்தாள். குனிந்து காலைப் பார்த்தாள்.

கண் மூடித் திறக்கும் நேரம்தான். வலது ஷூ ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. இடது ஷூ கிளட்ச் பக்கம், தரையில். நடுவில் பிரேக் பெடல், அதன் மேல் எந்தக் காலும் இல்லாமல், ஓர் அங்குலம் உள்ளே இறங்கியிருந்தது.

தானாக.

கோட்டைத் தாண்டியது தெரிந்தது. போர்டில் 16.27. நிறுத்திவிட்டு இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சீட் இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. பயப்படாதீங்க, நான்தான் என்று சொல்ல யாரும் இல்லை.

திரும்பி வந்து அவள் கழற்றிய ஹெல்மெட்டை ஷங்கர் வாங்கி மாட்டத் தொடங்கினான். வடக்கே வானம் கறுத்திருந்தது. நேரம் குறிக்கும் மஞ்சுநாத் கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். "மேடம், மளே பர்த்தா இதே. மழை வந்தா ரேஸ் கேன்சல். பத்து நிமிஷத்துல லைனுக்கு வாங்க."

"அண்ணா, பிரேக் தானா அமுங்குது" என்றாள் சரசு.

ரெமிஜியஸ் அவளைப் பார்த்தார். "பேயா?"

"பாத்தேன். கண்ணால பாத்தேன். இது டபுள் கண்ட்ரோல்தான். உயிரோட இருக்கு."

"இடது பக்கத்து ரெண்டு பெடலையும் நான்தான் கழட்டினேன். மூணே முக்கால் கிலோ. நோட்ல இருக்கு."

"கேபிள்?"

ரெமிஜியஸ் நோட்டைத் திறந்தார். புரட்டினார்.

"கிளட்ச் கேபிள் எடுத்தாச்சு" என்றான் ஷங்கர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "பிரேக் கேபிளை எடுக்கணும்னா டேஷ்போர்டைப் பிரிக்கணும். நேரம் இல்லன்னு நீதாண்ணா நுனிய எஞ்சின் பக்கமா இழுத்து முடிஞ்ச."

"எதுல முடிஞ்சேன்?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பானெட்டுக்குப் போனார்கள். ரெமிஜியஸ்தான் திறந்தார். உள்ளே ஓரமாக, பழுப்பேறிய கேபிள் ஒன்று கட்டுக்கம்பியால் சுற்றி, எஞ்சினின் ஒரு தாங்கியோடு இறுக்கி முடியப்பட்டிருந்தது.

"ஷங்கர், எஞ்சினை ஆட்டு" என்றாள் சரசு. ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து மண்டியிட்டு, பெடல்களுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஷங்கர் தன் எண்பத்திரண்டு கிலோவையும் கொடுத்து எஞ்சினைப் பிடித்து உலுக்கினான். எஞ்சின் பின்னால் சாய்ந்தது. பிரேக் பெடல் மெல்ல இறங்கியது. எஞ்சின் திரும்பி வந்தது. பெடல் ஏறியது.

"இன்னொரு தபா."

இறங்கியது. ஏறியது.

மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. முழு வேகத்தில் அந்தப் பெரிய எஞ்சின் திமிறிச் சாயும்போதெல்லாம் கேபிளை இழுத்திருக்கிறது. எவ்வளவு விரட்டுகிறாளோ அவ்வளவு பிரேக்.

ரெமிஜியஸ் கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார். கேபிளை நறுக்கினார். உள்ளே தவழ்ந்துபோய் மறுமுனையையும் பெடலிலிருந்து கழற்றி வெளியே இழுத்தார். பெடலை மூன்று முறை கையால் அழுத்திப் பார்த்தார். நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்று மஞ்சுநாத் தூரத்திலிருந்து கையை விரித்தார்.

ஷங்கர் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "போக்கா. எனக்கு அது டைட்டாதான் இருக்கு."

முதல் துளி பானெட்டின் மேல் விழுந்தபோது கார் கோட்டில் நின்றது. ஓடுதளத்தில் தூசி வாசனை எழுந்தது. மஞ்சுநாத் வானத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். சரசுவின் வலது கால் ஆக்சிலேட்டரின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. அது பயமா, பழக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இப்போது இது தவறினால் பழி போட வேறெதுவும் மிச்சமில்லை. அவளும் அவள் காலும்தான்.

பச்சை.

கார் கிளம்பிய விதமே வேறாக இருந்தது. இத்தனை நாளாகச் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்த யாரோ கையை விட்டதுபோல் இருந்தது. இரண்டு. மூன்று. கண்ணாடியில் துளிகள் தெறித்து மேலே ஓடின. தலைகள் நீண்டன. நீளட்டும். அவள் ரோட்டை மட்டும் பார்த்தாள். நான்கு. கோடு காரின் அடியில் மறைந்தது.

அதன் பிறகுதான் பிரேக்கை மிதித்தாள். கெட்டியாகப் பிடித்தது.

போர்டு அவளுக்குப் பின்னால் இருந்தது. காரைத் திருப்பும்வரை தெரியாது. ஓடுதளத்தின் கடைசிக்குப் போய், ஸ்டீயரிங்கை ஒடித்து, மழைக்குள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். வைப்பர் எப்போதோ கழற்றியாகிவிட்டது, எண்ணூறு கிராம். கண்ணாடியில் வழியும் நீருக்கு அந்தப் பக்கம் எண்கள் நெளிந்தன. முதலில் ஒன்று தெரிந்தது. அடுத்தது ஆறா, ஐந்தா?

கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

15.88.

காரை நிறுத்திய இடத்துக்கு தீபிகாதான் முதலில் வந்தாள், முழங்காலளவு சேறோடு. இரண்டு கைகளாலும் பதினைந்து காட்டினாள். பிறகு எட்டு. மறுபடி எட்டு. அம்மாவுக்குப் புரியாமல் போய்விடுமோ என்று திரும்பத் திரும்பக் காட்டினாள். ரகுராம் குடை இல்லாமல் ஓடி வந்துகொண்டிருந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை.

ரெமிஜியஸ் ஷெட்டிலிருந்து கொண்டுவந்து கட்டிய தார்ப்பாயின் அடியில் நின்று நோட்டை விரித்தார். 'சரசு - கால்' என்ற வரியை அடித்தார். பேனா எழுதவில்லை, உதறிவிட்டு மறுபடி அடித்தார். தாள் கிழியும் அளவுக்கு அடித்தார். அதன் கீழே 'பிரேக் கேபிள்' என்று எழுதிவிட்டு, சுருட்டி வைத்திருந்த கேபிளை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

"நூத்தி எம்பது கிராம் இருக்கும்" என்றார், நோட்டைப் பார்த்தபடியே.

சரசு அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். "இருநூறு."

"நூத்தி எம்பதும்மா. என் கைக்குத் தெரியாதா?"

"உங்க கை சொன்னதெல்லாம் போதும். வாங்க, தராசுல வெச்சிப் பாப்போம்."