நாளை காலை கேஸ் வரும்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாங்க. ரஜாய்ப் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளுங்கள்; இந்தத் தில்லிக் குளிரில் தள்ளி உட்கார்ந்தால் கதை ஆறிப்போய்த்தான் வந்து சேரும். கடன்பட்ட ஒரு மனுஷன் கதை சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், சிரித்துக்கொண்டே கேட்கலாம். நடுவில் யாருக்காவது நெஞ்சில் சுருக்கென்றால் முகத்தில் காட்டிக்கொள்ள வேண்டாம். நானும் பார்க்கமாட்டேன்.

ஜனக்புரியில் மூன்றாவது மாடி வாடகை வீடு. கலியமூர்த்தி, அவர் மனைவி இளவரசி, பன்னிரண்டாவது படிக்கும் மகள் கனிமொழி. விருத்தாசலம் பக்கத்துக் குடும்பம். கலியமூர்த்திக்கு லோதி ரோடில் சர்க்கார் ஆபீஸில் கிளார்க் வேலை. தங்கை மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் குறையக்கூடாது என்று கிரெடிட் கார்டைத் தேய்த்தார். அந்தக் கார்டுக்குக் கட்ட அதே பேங்கின் இன்னொரு கார்டைத் தேய்த்தார். மாதாமாதம் "மினிமம்" என்று போட்டிருக்கும் தொகையை மட்டும் கட்டிவிட்டு, ஒரு மாசம்கூடத் தவறாத யோக்கியன் நான் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் கட்டியும் அசல் அசையவில்லை. மூன்று மாதமாக அந்த மினிமமும் நின்றுபோயிற்று.

பேங்கிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டார். கடிதம் வந்தால் பால்கனியில் இருக்கிற கூலருக்குள் திணித்துவிடுவார். ஜனவரியில் கூலரை யார் திறக்கப்போகிறார்கள்? இளவரசிக்கு ஒன்றும் தெரியாது.

அப்போதுதான் போனில் ஒரு கடன் ஆப்பின் விளம்பரம் வந்தது: ஐந்தே நிமிஷத்தில் மூன்று லட்சம். பழைய கடன் எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்த்துவிடலாம்! ஆதார், சம்பளச் சீட்டு எல்லாம் ஏற்றிவிட்டார். "சம்மதம்" என்ற பட்டனை அமுக்குவதுதான் பாக்கி. வட்டி என்னவென்று எறும்பு படிக்கிற எழுத்தில் எங்கேயோ இருந்தது, அதைத் தேடவில்லை. சனிக்கிழமை காலை அமுக்கிவிடுவது என்று முடிவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கார்டு வாங்கியபோது இரண்டாவது நம்பராகக் கொடுத்திருந்த இளவரசியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன் ஜெகன், பேங்குக்காக வசூலுக்குப் போகிற பையன். தில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை. பேச வரும், எழுத வராது. இங்கிலீஷில் தட்டி, போனையே தமிழாக்கித் தரச் சொல்லி அனுப்பிவிட்டான்:

"நாளை காலை உங்கள் வீட்டுக்கு கேஸ் வரும். தயாராக இருக்கவும்."

நம் எழுத்தில் கோர்ட் கேஸுக்கும் அடுப்பு கேஸுக்கும் ஒரே "கே"தானே! சிலிண்டர் தீர்ந்து ஆறு நாளாக மின்சார அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இளவரசிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. உடனே பதில் போட்டாள்: "ரொம்ப நன்றி தம்பி. மூணாவது மாடி. கீழயே வச்சிட்டுப் போயிடாதீங்க."

நான்கு வருஷ சர்வீஸில் மிரட்டலுக்கு நன்றி சொன்ன முதல் ஆள் இவள்தான். ஜெகனுக்குத் தூக்கம் வரவில்லை.

காலை எட்டு மணி தாண்டியதும் அழைப்பு மணி அடித்தது. பால்கனியிலிருந்து எட்டிப்பார்த்த கலியமூர்த்தி, கறுப்புப் பையைப் பார்த்ததுமே வசூலுக்கு ஆள் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். போனோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

இளவரசி கதவைத் திறந்தாள். காலி சிலிண்டர் வாசலில் தயாராக நின்றது.

"எங்க தம்பி கேஸ்?"

"இதோ ஆண்ட்டி, பேக்ல இருக்கு."

"பையில அடங்குற சிலிண்டரா? அஞ்சு கிலோவா?"

"சிலிண்டர் இல்ல ஆண்ட்டி. கேஸ். கோர்ட் கேஸ்."

"கோர்ட்டுலயும் கேஸ் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்களா?"

ஜெகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அரே பகவான்! ஆண்ட்டி, நான் கேஸ்வாலா இல்ல, வசூல்வாலா. அங்கிள் பேங்குக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் தரணும். மூணு மாசமா ஃபோனே எடுக்கல. நான் க்யா கரூன், என்னதான் பண்றது?"

இளவரசி அந்தக் காலி சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள். "ஒன் அடையாள அட்டையக் காட்டு." காட்டினான். "பேங்க் குடுத்த கடுதாசி?" அதையும் காட்டினான். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பாத்ரூம் கதவைத் தட்டினாள்.

"என்னங்க, வெளிய வாங்க."

உள்ளே குழாய் திறக்கிற சத்தம். "குளிக்கிறேன்!"

"கீசர் சுச்சு இங்க வெளிய, ஆஃப்ல இருக்கு. ஜனவரி மாசம் பச்சைத் தண்ணியில குளிக்கிற ஆளா நீங்க?"

குழாய் நின்றது.

"அஞ்சு நிமிஷம் குடு இளவரசி. ஒரே ஒரு பட்டன். அமுக்கினா எல்லாக் கடனும் தீந்துடும்."

"என்ன பட்டன்?"

அவர் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வாசலில் நின்றிருந்த ஜெகன் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தான்.

"அங்கிள், மத் தபாவோ! அமுக்காதீங்க! அந்த ஆப்ல வாங்கினவங்க வீட்டுக்கும் நான் போயிருக்கேன். பேங்குக்கு நான் ஒருத்தன்தான் வருவேன். அவங்க ஆள், உங்க ஃபோன்ல இருக்கிற எல்லாருக்கும் கால் பண்ணுவான். உங்க ஆபீஸ் பெரிய சாப் வரைக்கும்!"

"சும்மா பயமுறுத்தாத!"

"என் வேலையே அதுதான் அங்கிள். இப்ப அதுக்காகச் சொல்லல."

இளவரசி கேட்டாள்: "வட்டி எவ்ளோன்னு போட்டிருக்கு?"

"பொடி எழுத்தும்மா. கண்ணாடி வெளிய இருக்கு."

அவள் கண்ணாடியை எடுத்துவந்து கதவுக்குக் கீழே தள்ளினாள். "சத்தமாப் படிங்க."

"மாசத்துக்கு... அஞ்சு சதவீதம்..." குரல் இறங்கியது. "மூணு லட்சத்துக்கு... வட்டி மட்டுமே மாசம் பதினஞ்சாயிரம்..."

அப்புறம் தாழ் விலகியது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாத கலியமூர்த்தி வெளியே வந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமலே போனை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். "கல்யாணத்துல எல்லாரும் ஒங்க சீரப் பத்தித்தான் பேசினாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. அதனால ஒங்கள மட்டும் திட்ட முடியல. சரி, ஒங்க ஆபீஸுக்கு ஒரு கேஸ் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஃபைல் போடுவேன்."

"போடுங்க."

கூலரைத் திறந்து இருபத்து மூன்று கவர்களை எடுத்துவந்தார். கனிமொழி எழுந்துவந்து தேதி வாரியாக அடுக்கினாள். சம்பளத்தை மேலே எழுதி, முதலில் வாடகை, பிறகு கரண்ட் பில், பரீட்சை ஃபீஸ், மளிகை என்று கழித்தார்கள். மிச்சம் ஒன்பதாயிரம்.

"இவ்ளோதான் முடியும்," என்றாள் இளவரசி.

"அதையே பேங்குக்கு எழுதுங்க ஆண்ட்டி," என்றான் ஜெகன், டீயை ஊதிக்கொண்டே. "தவணையா மாத்திக் குடுங்க, வட்டியைக் குறைங்கன்னு கேக்கலாம். யாரும் கேக்கறதே இல்ல. எல்லாரும் பாத்ரூம்லயே இருக்காங்க. அப்புறம், கையில காசு குடுக்காதீங்க. எனக்கும்தான். பேங்க் கணக்குல கட்டி ரசீது வாங்குங்க."

கலியமூர்த்தி எழுத ஆரம்பித்தார். இருபது வருஷப் பழக்கம், நான்கு பக்கம் ஓடிவிட்டது. வாசித்துக் காட்டினார். இளவரசி கேட்டாள்: "இதுல நீங்க அவங்களுக்குத் தரணுமா, அவங்க ஒங்களுக்குத் தரணுமா?"

மறுபடி எழுதினார். மாதம் எவ்வளவு முடியும், எந்தத் தேதியில், எத்தனை மாதம். அரைப் பக்கம். இரண்டு கார்டையும் கனிமொழி கத்தரிக்கோலால் நறுக்கினாள்.

பேங்க் முதல் தடவை முடியாது என்றது. சம்பளச் சீட்டை இணைத்து மறுபடி எழுதினார்கள். ஆறாவது வாரம் பதில் வந்தது. கலியமூர்த்தி கவரை ஹால் நடுவில் நின்று கிழித்தார், உரக்கப் படித்தார். முப்பத்தாறு தவணை, மாதம் எட்டாயிரத்து ஐந்நூறு. அதோடு நிறுத்தவில்லை. பேங்க் முகவரி, பின்கோடு, கீழே இருந்த முத்திரை வரைக்கும் வாசித்தார்.

"போதுங்க," என்றாள் இளவரசி. "அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்குது."

"கேக்கட்டுமே," என்றார் அவர்.

கேட்டீர்களா கண்ணுகளா? உங்கள் வீட்டில் வரவுக்குள் செலவு அடங்கட்டும். அடங்காத மாசம் வந்தால், அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு காது பக்கத்திலேயே இருக்கட்டும். வாசலில் மணி அடித்தால் யாரும் ஓடி ஒளியாத வீடாக, பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து, நூறு வருஷம் நன்றாக இருங்கள்.