பதினாறுக்குப் பதில் பதினாலு

மரியசெல்விக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலே கை ஓய்ந்துபோகும். கணவன் சவரிராஜ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை போக மிச்ச நேரத்தில் விசேஷங்களுக்குப் போட்டோ எடுப்பான்; அதை ஆல்பமாக்குவது அவள் தலையில். ஒரு பக்கம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். அந்த மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் அதிகம் சத்தம் போடுவது அதுதான். வேலை மட்டும் செய்யாது.

இருக்கிற மெமரியையே முடுக்கிவிடலாம் என்று ஒரு வீடியோ சொன்னது. கேட்டதை மெமரி எடுத்துத் தர இத்தனை எண்ணும்வரை காத்திருக்க வேண்டும் என்று உள்ளே ஒரு கணக்கு இருக்கிறதாம். அந்த எண்ணைக் குறைத்தால் வேகம் கூடுமாம். ஆன் ஆகும்போதே ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே போய், பதினாறு என்றிருந்ததைப் பதினாலு ஆக்கினாள். அடுத்திருந்த இரண்டு பதினெட்டையும் பதினைந்து ஆக்கினாள். கம்ப்யூட்டர் ஒழுங்காகவே ஆன் ஆனது. முன்னைவிட வேகமாகத்தான் இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. தானே செய்ததாயிற்றே.

மாற்றிய பிறகு நாலு மணி நேரம் மெமரி டெஸ்ட் ஓடவிட வேண்டும் என்றும் வீடியோக்காரன் சொல்லியிருந்தான். நாலு மணி நேரம் சும்மா விட அவளுக்கு எந்த நாளில் வாய்த்தது? சுரங்கத்தில் வேலை பார்த்த மருதமுத்து சாரின் ரிட்டயர்மென்ட் படங்களைக் கேமரா கார்டிலிருந்து இறக்கினாள். இறங்கியதும் சவரிராஜ் கார்டை அழித்துக்கொண்டு ஒரு காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள்தான் படங்களைத் திறந்தாள். பாதிக்குமேல் படங்களில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். எண்களைப் பழையபடி வைத்தும் பார்த்தாள். அவசரத்தில் மெமரி தப்பாக எடுத்துத் தந்ததே பதிவாகியிருந்தது; போன படங்கள் போனவைதான். "எது இல்லாட்டியும் எங்க செக்‌ஷன் ஆளுங்க எல்லாரும் இருக்கற படம் வேணும்மா" என்று மருதமுத்து அத்தனை முறை சொல்லியிருந்தார். அந்தப் படமும் பாதிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊர் ஆண்டிபட்டிக்கே போய்விடுவார்.

"கார்டு பூடுச்சின்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் சவரிராஜ், தட்டைவிட்டு நிமிராமல்.

"நான் பண்ணதுக்குக் கார்டு மேல பழியப் போட்டுகினு இருக்கச் சொல்றியா?"

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. வெயிலோடு வெயிலாகப் போனாள்.

குவார்ட்டர்ஸ் வாசலெல்லாம் மூட்டைகள். சொல்ல வேண்டியதை நின்றபடியே சொல்லி முடித்தாள். "என் தப்புதாங்க சார். டெஸ்ட் போட்டுப் பாத்திருக்கணும். மேல்பாதிதான் நிக்குது."

போனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த அந்தப் படத்தை நீட்டினாள். மருதமுத்து போனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முகமாக விரல் வைத்தார். "கலியன். மதிவாணன். நம்ம சிவக்குமார். எல்லாப் பயலும் இருக்கானே."

அவர் மனைவி விஜயகுமாரி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இதுல நீங்க எங்கங்க?"

மரியசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் நிற்க, மாலையோடு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"நான்தான் ரிட்டயர் ஆயிட்டேனே" என்றார் மருதமுத்து.

விஜயகுமாரி சிரிக்கவில்லை. இதற்கு மருதமுத்து நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்றிருந்தது மரியசெல்விக்கு.