மூடிக்குள்ளே கட்டுக்கம்பி

விடியும் முன்பே டீசலுக்குள் கைவிட்டால் விரல்கள் மரத்துப்போகும். காரிமங்கலம் பைபாஸ் ஓரத்து டீசல் பம்ப் பட்டறையில், பிரித்துப் போட்ட பாகங்களைக் கழுவுவது என் வேலை. பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து, தட்டில் அடுக்க வேண்டும். ஒரு நூலிழை ஒட்டினாலும் பம்ப் மக்கர் பண்ணும். வருடக்கணக்காகக் கழுவுகிறேன். என் பெயர் அமுதவல்லி என்பது முதலாளி மாதவராஜுக்கு இன்னும் தெரியாது. “ஏ கழுவறவளே” என்றுதான் கூப்பிடுவார்.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்து, அதன் மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுதிவைத்தவர். சுற்றும்போது ஒருவனாலும் படிக்க முடியாது என்பதுகூட அந்த மண்டைக்கு உறைக்கவில்லை. பட்டறை வாசலில் ‘எலக்ட்ரானிக் பம்ப் நிபுணர்’ என்று அவர் படத்தோடு பிளக்ஸ் தொங்கும்.

அன்று கல் உடைக்கும் கிரஷர் ஒன்றின் ஜெனரேட்டர் பம்ப் வந்திருந்தது. எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும் என்பதை, பம்புக்குள் முன்னும் பின்னும் நகரும் ஒரு தண்டு தீர்மானிக்கும். ரேக் என்போம். பழைய பம்புகளில் குண்டும் ஸ்பிரிங்கும் அதை நகர்த்தும். இதில் காயில் என்கிற கரண்டுக் கம்பிச்சுருள் இழுக்கும். சுவிட்சை அணைத்தால் ஸ்பிரிங் ரேக்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும், பம்ப் சுற்றினாலும் டீசல் வராது. அந்த நம்பிக்கையில், பம்பைச் சுற்றவிட்டுச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் மோட்டாரை நிறுத்தாமல் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் குழாயில் கைவைப்பது எங்கள் வழக்கம். மோட்டார் நின்றால் முதலாளி கத்துவாரே!

பெஞ்சில் நின்ற ஃபிட்டர் அப்சலும் அப்படித்தான் செய்தான். குழாய் மூட்டில் புகைபோலக் கசிவு தெரிந்தது. சுவிட்சை அணைத்த கையோடு மூட்டைத் தடவினான். “ஸ்...” என்று கையை இழுத்துக்கொண்டான். வலது உள்ளங்கையில் ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

எங்களில் மூத்த ஃபிட்டரான ஆரோக்கியராஜ் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். சத்தம் நின்றதும் முதலாளி வெளியே வந்தார்.

“என்னாத்துக்குடா நிறுத்துனீங்க?”

“அப்சலு கையில டீசல் பாய்ஞ்சிடுச்சுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

முதலாளி எட்ட நின்றே பார்த்தார். “எறும்பு கடிச்ச மாதிரி இருக்குது. இதுக்கு ஆஸ்பத்திரியா? மஞ்சப்பத்து போட்டுக்கிட்டு வேலையப் பாருடா.”

“அந்த பிரஷர்ல தோலைத் தொளைச்சிட்டு உள்ள போயிருக்குதுங்க. ஓசூர்ல ஒருத்தன் இப்படித்தான் புள்ளிதானேன்னு வூட்டுக்குப் போனான். கடைசில கையவே எடுத்துட்டாங்க.”

“நீ என்னா டாக்டரா?”

அதற்குள் இன்னொரு ஃபிட்டர் குப்புராஜ் பம்பின் பக்க மூடியைக் கழற்றியிருந்தான். உள்ளே, ரேக் பின்னால் போகாதபடி கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டடம் கட்டுகிறவர்கள் முறுக்குவார்களே, அதே துருப்பிடித்த கம்பி.

“இத யாருங்க கட்டுனது?”

முதலாளி தங்கக் காப்பைச் சரிசெய்துகொண்டார். “நான்தான் ராத்திரி கட்டினேன். என்னா இப்ப? காயில் எரிஞ்சுபோச்சு. புதுசு வர்ற வரைக்கும் கிரஷர்காரன் காத்திருப்பானா?”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?”

“எம் பட்டறையில நடக்கறத எதுக்குடா உங்கிட்ட சொல்லணும்?”

தூ! ஒரு காயிலை மிச்சம்பிடிக்க ஒரு மனிதனின் கை. இவருக்கு ஒரு பிளக்ஸ்!

குப்புராஜ் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டான். “அப்சலு ஆஸ்பத்திரிக்குப் போவற வரைக்கும் இங்க ஒண்ணும் ஓடாதுங்க.” பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வீரமணி ஸ்பேனரைக் கீழே வைத்தான். நான் பிரஷ்ஷை வைத்தேன். முதலாளி எங்களைப் பார்த்தார், வாசலில் பம்புக்காகக் காத்திருந்த கிரஷர் வண்டியைப் பார்த்தார். திடீரென்று அவர் குரலில் தேன் வடிந்தது.

“சரிப்பா, நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

சீட்டில் எண்ணெய் படக்கூடாதென்று நியூஸ் பேப்பர் விரித்துத்தான் அப்சலை உட்காரவைத்தார்.

கார் திரும்பியதும் ஆரோக்கியராஜ் சொன்னார். “ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது. வாங்க, பின்னாலயே போவலாம்.” பம்பை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வீரமணியை வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் இரண்டு வண்டியில் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினோம்.

அவசர சிகிச்சை அறைக்குள் நுழையும்போதே அந்தக் குரல் கேட்டது. “வூட்டுல ஆணி குத்திடுச்சுங்க டாக்டர். ஒரு டி.டி. ஊசி போட்டு வுட்டீங்கன்னா போதும்.”

அப்சல் தலையைத் தொங்கப்போட்டிருந்தான். ‘வேலை வேணுமா வேணாமா’ என்று வழியெல்லாம் மிரட்டியதைப் பிறகுதான் சொன்னான். அவன் தோளில் முதலாளியின் கை, தகப்பன் கை மாதிரி. அப்சலின் உள்ளங்கை வீங்கி, விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. டாக்டரம்மா நர்சிடம் ஊசி கேட்டார்.

முதலாளி எங்களைக் கண்டதும் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். “வாயத் தொறந்தவங்க இனிமே பட்டறைப் பக்கம் வர வேணாம்.”

பென்னாகரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் முகம் கண்ணில் வந்தது. பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த விரல்களைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

“ஆணி இல்லீங்கம்மா. டீசலு. பட்டறையில பம்புல இருந்து பீச்சியடிச்சி உள்ள போயிடுச்சு.”

“அவ கழுவறவ டாக்டர். அவளுக்கு என்னா தெரியும்?”

“நானும் பாத்தேங்க, டீசல்தான்” என்றார் ஆரோக்கியராஜ். “நானும் பாத்தேங்க” என்றான் குப்புராஜ். அப்போதுதான் அப்சல் தலைநிமிர்ந்தான். “பட்டறையிலதான் மேடம். ரேக்கைக் கம்பியில கட்டி வெச்சிருந்தாங்க.”

டாக்டரம்மா உள்ளங்கையை அழுத்தினார். அப்சல் அலறிவிட்டான். “ஊசி போட்டு அனுப்பியிருந்தா இந்தக் கை போயிருக்கும்” என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆபரேஷன் தியேட்டருக்கு ஆள் அனுப்பினார்.

தியேட்டர் வாசலில் முதலாளி சீறினார். “மூணு பேரும் தொலைஞ்சீங்க. அந்தப் பம்பு இன்னிக்கே கிரஷருக்குப் போவும்.”

ஆரோக்கியராஜ் வீரமணிக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். “கம்பியக் காட்டினேண்ணே. கிரஷர் ஆளுங்க ஏத்த மாட்டேங்கறாங்க. ‘அந்த ஜெனரேட்டர் பக்கத்துல நிக்கறது எங்க ஆளுதானே’ன்னு கேக்கறாங்க.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்று முதலாளி பக்கம் திரும்பினார் ஆரோக்கியராஜ். “நாளைக்கு நாங்க பட்டறைக்கு வருவோம். தொழிற்சாலை இன்ஸ்பெக்டரு வந்து அந்தக் கம்பியப் பாக்கற வரைக்கும் வாசல்லயே நிப்போங்க.”

அப்சலின் மனைவி சமரீன் மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து நர்ஸ் கதவைத் திறந்தார். கையைக் கீறிச் சுத்தம் செய்திருக்கிறார்கள், மறுபடியும் திறந்து பார்க்கவேண்டும், விரல்களைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்.

“அப்சல் கூட வந்தவங்க யாருங்க?”

கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முதலாளி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நானும் சமரீனும் ஆரோக்கியராஜும் குப்புராஜும் எழுந்து நின்றோம்.

“ஒருத்தர் போதும்” என்றார் நர்ஸ்.

யாரும் உட்காரவில்லை.