வாபஸ் வாங்க முடியாத வழக்கு

என் கணவர் சேக் தாவூதின் இரண்டு விரல்களை வெட்டியவன் என் தம்பி இம்ரான். சிங்கப்பூர் தேக்கா சந்தையில், எங்கள் ஆட்டுக்கறிக் கடையிலேயே, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில் அது நடந்தது. விரல்கள் தரையில் விழுந்ததும் வரிசையில் நின்றவர்கள் அலறினார்கள். அதற்குச் சற்று முன்னால் அவர் என் முடியைப் பிடித்து, கறி வெட்டும் கட்டையில் என் தலையை மோதினாரே, அப்போது அதே வரிசையில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஒரு அம்மா தன் கறிப்பையை மட்டும் பத்திரமாக நகர்த்திக்கொண்டார்.

நான் செய்த குற்றம், ஒரு வாடிக்கையாளருக்கு எலும்பை அதிகம் போட்டது. அதற்காக மூன்று மோதல். காதுக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"லாத்தாவை விடு மச்சான்!" என்று இம்ரான் கத்தினான். என்னை லாத்தா என்றுதான் கூப்பிடுவான், அவனுக்கு ஒரே அக்கா நான். அவர் விடவில்லை. நான்காவது முறை என் தலை கீழே போனபோது இம்ரான் வெட்டுக்கத்தியை இறக்கிவிட்டான்.

போலீஸ் வந்தது. இம்ரானைப் பிடித்துக்கொண்டு போனது. மருத்துவமனையில் கேட்டபோது என் கணவர், "கத்தி வழுக்கிருச்சு" என்றார். பெண்டாட்டியை அடித்ததற்கு மைத்துனன் கையில் வெட்டு வாங்கினேன் என்று எந்த ஆம்பளைதான் சொல்லுவான்? நானும் வழுக்கிவிட்டது என்றேன். தம்பி வெளியே வந்தால் போதும் எனக்கு.

பிறகு எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் அப்துல் அலீம் ஆங் மோ கியோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து பஞ்சாயத்து பேசினார். பாத்திஹா ஓதினார்கள், பிரியாணி போட்டார்கள். இம்ரான் சிறையில் இருந்ததால் அவனுக்குப் பதிலாக என் வாப்பா போய் என் கணவரைக் கட்டிப்பிடித்தார். அடி வாங்கிய என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. தலையில் தையலோடு நான் தயிர்ப்பச்சடி பரிமாறினேன்.

"சமாதானம் ஆயாச்சு லா. நாளைக்கே போய் கேஸை வாபஸ் வாங்கிடுங்க" என்றார் அப்துல் அலீம். கடையில் அன்று நின்றிருந்த எங்கள் ஆட்களிடமும் அவரே சொல்லி வைத்தார், யாரும் எதையும் பார்க்கவில்லை என்று.

வாபஸ் வாங்கப் போனால் போலீஸில் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்து, அப்படியெல்லாம் வாங்க முடியாது என்றார்கள். இம்ரான் மீது ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு பதிவாகியிருந்தது. பல வருஷம் சிறை, கூடவே பிரம்படி. என் தம்பிக்கு உடம்பில் சதையே கிடையாது. அந்தப் பிரம்பு எலும்பில்தான் விழும்.

விசாரணைக்கு முன்னால் எங்கள் இருவரையும் அரசாங்க வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். சைனாடவுன் பக்கம், கண்ணாடிக் கட்டடம். முதலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அரசாங்கத் துணை வழக்கறிஞர் ஆரணி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், சந்தைக் கேமராவில் பதிவான படத்தைப் போட்டுக் காட்டினார். கொக்கியில் தொங்கிய ஆடு என்னையும் என் முடியைப் பிடித்த கையையும் முழுதாக மறைத்திருந்தது. இம்ரான் கத்தியை ஓங்குவது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இதைப் பார்த்தா, சும்மா நின்ன மனுஷனை உங்க தம்பி வெட்டின மாதிரிதான் இருக்கு" என்றார்.

"நாங்க மன்னிச்சுட்டோம் மேடம். கேஸ் வேணாம்."

"அக்கா, இந்தக் கேஸ் உங்களோடது இல்ல. உங்க ஹஸ்பண்டோடதும் இல்ல. பப்ளிக் பிராசிகியூட்டரோடது. நாட்டோட தலைமைச் சட்ட அதிகாரிதான் அது, அவர் சார்பாதான் நான் உட்கார்ந்திருக்கேன். யார் மேல கேஸ் போடணும், எந்த செக்‌ஷன்ல போடணும், நிறுத்தணுமான்னு இங்கதான் முடிவாகும். நீங்க மன்னிச்சதை மேல சொல்றேன். ஆனா கத்தி வழுக்குச்சுன்னு என்னால எழுத முடியாது. உண்மையிலேயே என்ன நடந்துச்சு?"

பிரியாணி தின்ற அத்தனை பேர் மீதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. தலைத்துணியை விலக்கித் தையலைக் காட்டினேன். கல்யாணமான வருஷம் உடைந்த விலா எலும்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஆரணி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"பார்த்தவங்க யாராவது வந்து சொல்வாங்களா?"

"சந்தையே பார்த்துச்சு மேடம். ஒருத்தன் வரமாட்டான்."

அடுத்து என் கணவரைக் கூப்பிட வேண்டும். ஆரணி என்னோடு கூடவே நடந்து வந்தார். கூடத்தில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

"என்னடி சொன்ன?"

"எல்லாத்தையும்."

எழுந்த வேகத்தில் இடது கையால் குத்தினார். பல் உதட்டுக்குள் ஏறியது. சுவரில் மோதி விழுந்தேன். வயிற்றில் உதைத்தார். ஆரணி "நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டு குறுக்கே விழுந்தார், அவர் தோளிலும் ஒரு உதை பட்டது. காவலர்கள் ஓடிவந்து என் கணவரைத் தரையோடு அழுத்தும்போதும் "என் பெண்டாட்டிடா, விடுங்கடா!" என்று கத்தினார்.

ஆரணி என் பக்கத்தில் மண்டியிட்டார். "அக்கா, இனி உங்க கேஸை நான் நடத்த முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் வாயிலிருந்த ரத்தத்தைத் தரையிலேயே துப்பினேன். "நீங்களும் ஓடுறீங்களா?"

"ஓடல. கேஸை நடத்துறவங்களே சாட்சி சொல்ல முடியாது. அதான் விலகுறேன். நான் சாட்சி."

வழக்கை வேறொருவர் எடுத்துக்கொண்டார். என் தலையைச் சோதித்த மருத்துவரின் அறிக்கையும் நான் சொன்னதும் மேலே போய், இம்ரான்மீது இருந்த குற்றச்சாட்டைப் பிரம்படி இல்லாத பிரிவுக்கு மாற்றினார்கள். சிறைக்குப் போனான். போகத்தான் வேண்டியிருந்தது, வெட்டியது வெட்டியதுதான். ஆனால் தோல் கிழியாமல் திரும்பி வருவான்.

அந்தக் கூடத்தில் என்னை அடித்ததற்காக என் கணவர் மீதும் வழக்குப் போட்டார்கள். அந்த விசாரணையில் ஆரணி சாட்சிக் கூண்டில் ஏறினார். என் கணவர் என்னை அடித்ததை நேரில் கண்டீர்களா என்று கேட்டார்கள்.

"பார்த்தேன்" என்றார் ஆரணி.

இத்தனை வருஷத்தில் எனக்காக யாரும் சொல்லாத சொல். நான் அங்கேயே வாய்விட்டு அழுதேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்துல் அலீம் எழுந்து வெளியே போனார்.